பழைய நாதத்தை மதித்து வாங்குவோம்

மின்சாரத்தின் துணையின்றி, உள்ளே பொருத்திய மெல்லிய அலுமினியக் கூம்புகளின் அதிர்வினாலேயே நாதத்தைப் பெருக்கும் ரெசொனேட்டர் கித்தார், 1927-ஆம் ஆண்டளவில் ஜான் டோப்யேரா, ஜார்ஜ் பீச்சம் ஆகியோரின் முயற்சியால் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'நேஷனல்' என்னும் பெயர் தாங்கி வெளிவந்தது. அக்காலத்து வாத்தியமொன்று நசுங்கியோ துருவேறியோ விற்பனைக்கு வரும்போது, அதன் பளபளப்பை மட்டும் நோக்கி விலை பேசுவது பேதைமை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

கூம்பு அமுங்கியிருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. மாற்றுக் கூம்பு கிடைக்கும். ஆனால் பன்னிரண்டாம் மெட்டருகே தந்திகள் மிக உயர்ந்து நின்றால், கழுத்திலிருந்து உடலினுள் நீளும் மரத்தண்டு நெகிழ்ந்திருக்கக்கூடுமாதலால், மூடித்தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுத்தலாகாது. எல்லாவற்றினும் கொடிய சேதம், செப்பனிடுவோரின் அதீத உற்சாகத்தால் விளைவதே. ஜெர்மன் சில்வர் உடலின்மீது கையால் செதுக்கிய ரோஜாக் கோலம், புதுமுலாம் பூசும்பொருட்டுத் தேய்க்கப்பட்டு மழுங்கிவிடுமாயின், அச்சிற்பியின் கைத்திறனை மீண்டும் காண்பது அசாத்தியம்.

ஆதலால், வாங்குவோர் வாத்தியத்தை வாசிக்கத் தகுந்த அளவுக்கு மட்டுமே செப்பனிட்டு, கழற்றிய பழைய உறுப்புகளையும் எறியாமல் அதனுடனேயே பாதுகாத்து வைத்தல் வேண்டும். கலைப்பொருளை விலைகொடுத்துப் பெற்றவருக்கு அது தர்மமுமாகும்.