லாரியில் கேமராவும் நமது அவசரமும்

ஓட்டுநரின் முகத்தைக் கவனிக்கும் கேமராவை லாரி கேபினில் பொருத்தும் வழக்கம் பரவி வருகிறது. அகச்சிவப்பு ஒளியால் இரவிலும் அது வேலை செய்யும். இமைகள் சில நொடிகள் மூடினாலோ, கை செல்போனைத் தேடினாலோ ஒலி எழுப்பும். படத்தை உரிமையாளருக்கும் அனுப்பும். 2022-ல் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். எனவே இக்கருவியை மனமார வரவேற்கிறோம்.

ஆனால், கேமரா ஓட்டுநரை எழுப்புமே தவிர, அவர் ஏன் கண் அயர்ந்தார் என்று கேட்காது. அதற்கு வியாபாரிகளாகிய நாமும் பதில் சொல்லியாக வேண்டும். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலையையும், நெடுந்தூர ஓட்டத்துக்கு அதிகபட்சம் 10 மணி நேரத்தையும் வகுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் நாளுக்கு 400 கிலோமீட்டர். நாசிக்கிலிருந்து கோயம்பேட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒற்றை ஓட்டுநருக்கு மூன்று நாட்களுக்குக் குறையாது. "இரண்டாம் நாள் விடியலுக்குள் வெங்காயம் இறங்காவிட்டால் வாடகையில் பிடிப்போம்" என்றால், அவருடைய தூக்கத்தைத்தான் பிடிக்கிறோம்.

ஆகவே, தூரத்தைக் கணக்கிட்டுக் கெடு சொல்லுவோம். அவசரச் சரக்கென்றால் இரண்டாவது ஓட்டுநரின் பேட்டாவையும் வாடகையில் சேர்த்துக் கொடுப்போம். சரக்கு இறக்கியவுடன் வண்டியை விரட்டாமல், ஓட்டுநர் படுத்து எழ இடம் தருவோம். கேமராப் படத்தைக் காட்டிப் பேட்டாவைக் குறைக்க வேண்டாமென லாரி உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம். கூலிக்குப் பயந்தவர் கேமராவை மறைக்கத்தான் வழி தேடுவார்.