கடுகளவு பூமியும் நமது விசுவாசமும்

வாலிபர் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: "பிரபஞ்சம் இவ்வளவு பெரிதென்றால் கடவுளுக்கு நாங்கள் எம்மாத்திரம்?" கேட்பவர் பெரும்பாலும் உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் பிள்ளையாக இருப்பார். பெரியவர்களிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "உதுகளை யோசிக்காமல் ஜெபம் பண்ணு" என்பது ஒன்று. "விஞ்ஞானிகள் சொல்வதெல்லாம் பொய்" என்பது மற்றது. இரண்டுமே அந்தப் பிள்ளையை ஆலய வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விடும் பதில்கள். கேள்வியை நேராக எதிர்கொள்ளும் துணிவு நமது சபைகளுக்கு வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதலில் அளவைப் பார்ப்போம். சூரியனை 14 சென்ரிமீற்றர் அகலமான ஒரு தேங்காயாகச் சுருக்கி, வெலெஸ்லி வீதியோரத்தில் வைத்தோம் என்று எண்ணிக்கொள்வோம். அப்போது பூமி, 15 மீற்றர் தள்ளிக் கிடக்கும் ஒரு கடுகு. சந்திரன் அந்தக் கடுகிலிருந்து நாலு சென்ரிமீற்றருக்குள் சுற்றும் ஒரு தூசி. வியாழன் 78 மீற்றரில் ஒரு மாபிள். நெப்ரியூன் 450 மீற்றரில். ஐந்து நிமிட நடையில், நமது சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகளின் ஓரத்தை எட்டுவதற்குள், கிரகங்கள் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த நட்சத்திரமான புரொக்சிமா சென்ரோரி எங்கே? ஏறத்தாழ 4,000 கிலோமீற்றரில், வன்கூவரையும் தாண்டிப் பசிபிக் கடலுக்குள்.

இதுவும் ஆரம்பம்தான். நமது பால்வீதி ஏறக்குறைய 1,00,000 ஒளியாண்டு அகலமானது. அதில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள் உண்டு. அடுத்த பெரிய நட்சத்திர மண்டலமான அந்திரொமீடா 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இந்த மண்டலங்களும் சிதறிக் கிடக்கவில்லை. கூட்டங்களாகவும் நீண்ட இழைகளாகவும் சேர்ந்து, நடுவே பெரும் வெற்றிடங்களை விட்டு, மீன்வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். நட்சத்திரம், பூமி, நாம் என்று கண்ணுக்குத் தெரியும் பொருளெல்லாம் சேர்ந்தும் அதன் மொத்தத்தில் ஏறத்தாழ 5 வீதம்தான்.

இந்தப் பாடம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் வேதாகமத்தோடு கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தார்கள். அதன் முதல் அதிபர் தானியேல் பூவர். மேரு மலையைச் சுற்றிக் கடல்களும் கண்டங்களும் அடுக்கடுக்காக அமைந்த உலகமா, சூரியனைச் சுற்றும் உருண்டைப் பூமியா என்று அன்று யாழ்ப்பாணத்தில் வாதம் நடந்தது. 1829 மார்ச் 20ஆம் திகதி வந்த சந்திர கிரகணத்தைப் பற்றிப் பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கும் பூவரின் கணக்கும் வேறுபட்டன. பூவர் தமது கணக்கை முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்தார். கிரகணம் அவருடைய கணக்கின்படியே நடந்தது.

இதை "நாம் வென்றோம், அவர்கள் தோற்றார்கள்" என்று சொல்லிப் பெருமைப்படுபவர்கள் உண்டு. அந்தப் பெருமை சரியல்ல. தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். அதற்கு நாலு வருடங்களுக்கு முன், 1825இல், ஜோன் வாரன் என்ற வெள்ளைக்காரர் முன்னிலையில் ஒரு தமிழ்க் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஆரம்ப நேரத்தில் அவருடைய பிழை நாலு நிமிடம். முடிவில்கூட ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்டதே. எழுத்தாணியும் இல்லாமல் செய்த கணக்கு அது! பிற்காலத்தில் அதே செமினரியின் ஹொய்சிங்ரன், தமிழர் வானக் கணிதத்தை ஆராய்ந்து 1848இல் ஒரு நூலே வெளியிட்டார்.

மேலும், கிரகணக் கணக்கில் வென்றது இருதயங்களை வென்றதாக ஆகவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வட்டுக்கோட்டையில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர் சைவத்துக்கே திரும்பினார். வானம் யார் பக்கத்துக்கும் சாட்சி சொல்ல வரும் வக்கீல் அல்ல.

ஆனாலும் பூவர் செய்த ஒரு காரியம் நமக்குத் தேவை. தமது கணக்கை எல்லாரும் பார்க்க வெளியே வைத்து, வானமே தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டார். அந்த அளவுகோலை மற்றவர்களுக்கு வைத்த நாம் நமக்கும் வைக்க வேண்டும். 2024 ஏப்ரல் 8ஆம் திகதி பிற்பகல் 3.20 மணியளவில் ரொறன்ரோ இருண்டது. சந்திரன் வரும் நேரத்தை நிமிடக் கணக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் பாடசாலைகள் அதற்கேற்ப விடுமுறையை மாற்றின. யாரும் அந்தக் கணக்கைச் சந்தேகிக்கவில்லை. அப்படியிருக்க, அதே பௌதிகத்தில் நின்று பிரபஞ்சத்தின் வயதைச் சொல்லும்போது மட்டும் "அது விசுவாசத்துக்கு விரோதம்" என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்வது எப்படி நியாயமாகும்?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்க குருவானவர். பெருவெடிப்புக் கொள்கைக்கு அவரே முன்னோடி. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைச் சிருஷ்டிப்புக்கு ஆதரவாக எடுத்துப் பேசியபோது லெமேத்ர் அதை விரும்பவில்லை. இன்றைய கணக்கின்மேல் விசுவாசத்தைக் கட்டினால், நாளை கணக்குத் திருத்தப்படும்போது விசுவாசமும் ஆட்டங்காணும். நமது அஸ்திபாரம் கிறிஸ்து, தொலைநோக்கி அல்ல.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது? இந்தக் கேள்வி பாவமல்ல என்று முதலில் சொல்வோம். 8ஆம் சங்கீதத்தில் தாவீது வானத்தைப் பார்த்துவிட்டு இதையேதான் கேட்டான். அடுத்து, சிறியது என்றால் அற்பமானது என்ற எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்குவோம். எங்களில் பலர் வைத்தியசாலைகளில் வேலை செய்கிறோம். குறைமாதத்தில் 700 கிராம் நிறையோடு பிறந்த குழந்தையைச் சுற்றித்தான் அதிகமான கருவிகளும் அதிகமான கைகளும் இருக்கும். நிறை குறைவு என்பதற்காக எந்தத் தாதியும் கவனிப்பைக் குறைப்பதில்லை, கூட்டுகிறாள். பொல்லாதவர்களாகிய மனிதருக்கே இது தெரியுமென்றால், கடுகளவு பூமியைப் பார்த்து ஆண்டவர் சலித்துப்போவார் என்று ஏன் எண்ண வேண்டும்? அந்தக் குழந்தையின் இரத்தத்திலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள கல்சியமும் ஆதியில் நட்சத்திரங்களில் உருவானவை. பெரியதும் சிறியதும் ஒரே கைவேலை.

147ஆம் சங்கீதத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். 3ஆம் வசனம் உடைந்தவர்களின் காயத்தைக் கட்டுவதைப் பற்றியது. 4ஆம் வசனம் நட்சத்திரங்களை எண்ணிப் பேரிடுவதைப் பற்றியது. நடுவில் ஒரு சொல்லும் இல்லை. நமக்கு இவை இரண்டு வேலைகள்; சங்கீதக்காரனுக்கு ஒரே ஆண்டவரின் ஒரே வேலை.

சபைக்கு எங்கள் வேண்டுகோள் பெரிதல்ல. வருடத்தில் ஒரு மாலை ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ரிச்மண்ட் ஹில்லில் 1935இல் திறக்கப்பட்ட டேவிட் டன்லப் வான்நோக்கு நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு கருந்துளை என்பதற்கான சான்றை 1970களின் தொடக்கத்தில் தொம் போல்ற்றன் கண்டது அங்கேதான். கோடையில் ஒருநாள் நகர வெளிச்சத்தை விட்டு, மஸ்கோக்காப் பக்கம் டொரன்ஸ் பரன்ஸுக்குப் போய், பால்வீதியைக் கண்ணால் காட்டுவோம். அங்கே பிள்ளைகள் கேட்பதை எல்லாம் கேட்கட்டும். தெரிந்ததைச் சொல்வோம், தெரியாததைத் தெரியாது என்போம். பிறகு அந்த வானத்தின் கீழேயே எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம்.