பானையின் உள்பக்கத்தைப் பார்த்தீர்களா?

கீழடிப் பானை ஓடுகளில் தமிழி எழுத்து இருக்கிறது என்றதும் எல்லோரும் மார்தட்டிக்கொண்டோம். நானும்தான். எழுத்து ஒரு வர்ணத்தின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு அது சாட்சி. விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அதே ஓட்டைக் காட்டி, "அந்தக் காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை" என்று யாராவது மேடையில் முழங்கினால் கேளுங்கள்: பானையின் உள்பக்கத்தைப் பார்த்தீர்களா?

புழங்கிய பானையில் தடம் இருக்கும். அடுப்பில் ஏற்றியிருந்தால் வெளியே கரி. அகப்பை போட்டுக் கிண்டியிருந்தால் உள்ளே கீறல். தானியத்தைப் புளிக்கவைத்திருந்தால் அமிலம் உள்சுவரை அரித்துப் பொரிந்துபோகச் செய்யும். பிலிப்பைன்ஸின் கலிங்கா மக்களின் சோற்றுப் பானையையும் காய்கறி, இறைச்சி வேகவைக்கும் பானையையும் கரி படிந்த இடத்தை வைத்தே பிரித்துக் காட்டினார் ஜேம்ஸ் ஸ்கிபோ. வரலாற்றுக்கு முந்தைய ஓடுகளைப் படிக்க இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

நமக்கு உறைக்க வேண்டிய ஆய்வு தெற்கு எத்தியோப்பியாவில் நடந்தது. அங்குள்ள காமோ மக்களிடமும் சாதி உண்டு. உழவர்கள் 'மாலா', மேலே. பானை செய்பவர்கள் 'மானா', தோல் வேலை செய்பவர்கள் 'தெகலா', கீழே. கீழே இருப்பவர்களோடு மாலாக்கள் மண உறவு வைப்பதில்லை. ஜான் ஆர்தர் வீடு வீடாகப் பானைகளைப் பார்த்து 2002இல் எழுதினார்: பீர் புளிக்கவைத்த அரிப்பு, வசதியான மேல்சாதி வீட்டுப் பானைகளில்தான் கூடுதல். பீருக்கு நிறைய தானியம் வேண்டும். நிலம் இருப்பவனிடம்தானே மிச்சத் தானியம் இருக்கும்? பானையை வனைந்தவள் மானாப் பெண். அதில் புளித்தது அவள் வீட்டுத் தானியம் அல்ல.

ஒரே ஒரு ஓட்டின் அரிப்பை வைத்துச் சாதி இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மண்ணில் கிடந்தாலும் ஓடு அரிக்கும். அதனால்தான் உள்சுவர் மட்டும் அரித்திருக்கிறதா, வெளிச்சுவருமா என்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டு ஓட்டை இன்னொரு வீட்டு ஓட்டோடு ஒப்பிட வேண்டும். சமத்துவம் இருந்தது என்பவர்களுக்கும் இதே விதிதான். எழுத்தைக் காட்டினால் போதாது. எந்த வீட்டில் என்ன வெந்தது என்று காட்டுங்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். டீக்கடையில் நம் தாத்தாக்களுக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். சில இடங்களில் கையைக் குவிக்கச் சொன்னார்கள். கொட்டாங்குச்சி மக்கிப்போகும். குவித்த கை எந்தக் குழியிலும் கிடைக்காது. நாளை நம் ஊரைத் தோண்டுகிறவருக்கு அந்த டீக்கடையின் கண்ணாடிக் கிளாஸ் மட்டுமே கிடைக்கும். அதைப் பார்த்து, "எல்லோரும் ஒன்றாக டீ குடித்திருக்கிறார்கள்" என்று அவர் எழுதினால் ஒப்புக்கொள்வோமா?

தொல்லியல் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தத் துறைக்குள் நம் பிள்ளைகள் போயாக வேண்டும். ஓட்டைக் கையில் எடுத்ததும் எழுத்தைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். திருப்பி, உள்பக்கத்தையும் பாருங்கள்.