வண்டி துடைக்கும் துணி

பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி நமக்கு எழுதியிருக்கிறார். அவர் கணவர் வங்கிக் கடனில் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். கறுப்பு நிறக் கார். வாங்கி ஓராண்டு நிறையுமுன்பே, வெயிலில் நிறுத்தினால் அதன் மேனியெங்கும் சிலந்தி வலை பின்னியதுபோல் கோடுகள் தெரிகின்றனவாம். கல்யாணச் சவாரி பேச வருகிறவர்கள் பழைய வண்டி என்று எண்ணி வேறிடம் போய்விடுகிறார்கள். தவணையோ மாதந்தோறும் வந்து நிற்கிறது. ‘தினமும் இருவேளை துடைத்தும் ஏன் இப்படி? மெழுகு பூசும் பேடும் மைக்ரோபைபர் துண்டும் வாங்கச் சொல்லுகிறார்கள். எதை வாங்குவது, எப்படிப் பேணுவது?’ என்று கேட்கிறார்.

தினமும் இருவேளை துடைப்பதனால்தான் இப்படி என்று சொன்னால் அச்சகோதரி வியப்படையக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

சங்கரன்கோவில் சீமையின் காற்றை நாம் அறிவோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற அடியில் காற்றாலைகள் சுழல்வது மட்டுமல்ல, காய்ந்து கிடக்கும் மண்ணும் எழும்பி வீட்டுக்குள்ளும் சோற்றுக்குள்ளும் வந்துவிடுகிறது. அந்தப் புழுதியில் கலந்த மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ் என்னும் கல். கனிகளுக்கல்ல, கனிமங்களுக்கு மோஸ் என்பவர் வகுத்த பத்துப் படிக் கடின அளவையில் அது 7ஆம் படியில் நிற்பது. கண்ணாடியையே கீறவல்லது. காரின் மேனியிலோ, நிறப் பூச்சுக்கு மேல் நிறமற்ற பூச்சு ஒன்று காவலாக இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் கனம் 40, 50 மைக்ரான் அளவே. ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை. உலர்ந்த புழுதியின்மேல் உலர்ந்த துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போது நாம் துடைக்கவில்லை, தேய்க்கிறோம். துணி எதுவாயினும் கீறுவது மணலே.

அம்பாசடர் காலத்து ஓட்டுநர்கள் மஞ்சள் துணியால் காலையும் மாலையும் தட்டித் துடைத்தார்களே, அப்போது இந்தக் குறை இல்லையே எனலாம். உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அந்த வண்டிகளின் பழைய வர்ணம் பெரும்பாலும் ஒரே பூச்சாக இருந்தது. பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொள்ளும். கீறல் விழுந்த மேற்பரப்பைச் சிறிது தேய்த்தெடுத்து மீண்டும் பளபளப்பாக்கினார்கள். இன்றைய மேற்பூச்சையும் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆனால் மெல்லிய பூச்சு ஆதலால் பலமுறை தாங்காது.

ஆகவே முதலில் நீர். வெறும் நீரை ஊற்றிப் புழுதியை வழியவிட்டு, பின்னர் ஷாம்பு நீரில் கழுவி, அதன் பிறகே துண்டைத் தொட வேண்டும். நிழலில் கழுவுதல் நலம். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புநீர். வெயிலில் அது காய்ந்தால் வெள்ளை வட்டங்கள் படிந்துவிடும். தண்ணீர் அருமைப்பட்ட நாளில் வண்டியைத் துடைக்காமல் விடுவதே மேல். புழுதியோடு ஓடுகிற கார் அவலட்சணமாகத் தெரியலாம். அதற்குக் காயம் ஏதும் இல்லை.

இனி துணிக்கு வருவோம். தறிக் குடும்பங்கள் மிகுந்த பகுதி இது. நூலின் நம்பரைக் கைவிரலால் அறிகிறவர்கள் நம் வாசகரிடையே உண்டு. அவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 9,000 மீட்டர் இழையின் எடை 1 கிராமானால் அது 1 டெனியர். பட்டுப்புழு நூற்கும் இழை ஏறத்தாழ அந்த அளவு. அதனினும் மெல்லிய இழைக்கே மைக்ரோபைபர் என்று பெயர். 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்னும் அறிஞர் இத்தகைய நுண்ணிழையைக் கொண்டு மான்தோல் போன்ற செயற்கைத் துணியை உருவாக்கினார். துடைக்கும் துண்டு பின்னர் வந்த பயன். பாலியெஸ்டரையும் நைலானையும் ஒரே இழையாக நூற்று, பிறகு சாத்துக்குடிச் சுளைகளைப்போல் பிளந்துவிடுகிறார்கள். சுளைகளின் கூரிய ஓரங்களுக்கிடையே எண்ணற்ற சந்துகள் உண்டாகின்றன. புழுதித்துகள் அச்சந்துகளுக்குள் போய்விடுவதால் வர்ணத்தின்மேல் உருளுவது குறைகிறது. தட்டையாக நெய்த துணியில் துகளுக்கு ஒதுங்க இடமில்லை. துணியின் முகத்திலேயே நின்று கீறுகிறது.

திருப்பூரில் பனியன் வெட்டி மிஞ்சிய துணி, ‘வேஸ்ட்’ என்னும் பெயரோடு கட்டுக்கட்டாய்ப் பட்டறைகளுக்கு வருகிறதல்லவா? எண்ணெய்க் கைக்கும் எஞ்சினுக்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. வர்ணத்தில் மட்டும் வேண்டாம். அதில் தையலும் அச்சிட்ட படமும் ரப்பர் நாடாவும் கலந்திருக்கும்.

மைக்ரோபைபர் என்று அச்சிட்டதெல்லாம் ஒன்றல்ல. சீட்டில் 80 பங்கு பாலியெஸ்டர், 20 பங்கு பாலியமைடு என்றோ, 70க்கு 30 என்றோ இருப்பதை வர்ணத்துக்கு எடுக்கலாம். பாலியமைடு என்பது நைலானே. முழுக்கப் பாலியெஸ்டராயின் சக்கரத்துக்குப் போதும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை. மெழுகைத் துடைத்தெடுக்க 300 அளவும், ஈரம் ஒற்ற 500க்கு மேலும் ஏற்றவை. சீட்டில் எழுதியதை நம்பாதவர்கள் மளிகைக் கடைத் தராசில் வைக்கலாம். 40 செ.மீ. சதுரத் துண்டு, 300 என்றால் 48 கிராம் நிற்க வேண்டும். 500 என்றால் 80 கிராம். மேசையில் சில துளி நீர் தெளித்துத் துடைத்துப் பாருங்கள். நல்லது உறிஞ்சும், போலி நீரைத் தள்ளிக்கொண்டே போகும். காய்ப்பேறிய உள்ளங்கையில் தடவினால் சொரசொரவென்று பற்றுவது பிளந்த இழைக்கு அடையாளம். ஓரத்தில் தடித்த நைலான் தையல் இருந்தால் தவிர்க்கவும். விலைச்சீட்டைத் துண்டு சேதமுறாமல் வெட்டியெறிந்து, ஒருமுறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மெழுகு பூசும் பேடுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. உள்ளங்கை அளவில் மிருதுவான நுரைப்பஞ்சு வட்டு. விரலால் அமுக்கினால் உடனே எழும்ப வேண்டும், நகம் பட்டுப் பொடி உதிரலாகாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் ஒட்டிய பஞ்சைக் காரில் வைப்பவர்களைக் கண்டிருக்கிறோம், ஐயோ, வேண்டாம். மெழுகை மிக மெல்லியதாகப் பூச வேண்டும். அதிகம் பூசினால் அதிகப் பளபளப்பு வராது, துடைக்கும் உழைப்புத்தான் அதிகமாகும். மெழுகுக்கு ஒரு பேடு, டயர்க் கறுப்புக்கு வேறொரு பேடு.

நல்ல மெழுகுகளில் சேரும் கார்னோபா எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து! ஓலையை வெட்டி உலர்த்தி அடித்தால் மெழுகு பொடியாய் உதிர்கிறது. பெயரிலேயே பனையையும் வடலியையும் சுமக்கும் ஊராருக்கு இது இனிப்பான செய்திதான். அதற்கு மாறாக, மண்ணெண்ணெயும் டீசலும் தொட்டுத் துடைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. ஒரு மணி நேரம் மின்னும். பூசிய மெழுகையும் கரைத்து, அடுத்த புழுதியையும் ஒட்டிக்கொள்ளும்.

பேணுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். மைக்ரோபைபர் துண்டைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பருத்திப் பிசிறெல்லாம் அதன் சந்துகளில் குடியேறிவிடும். தனியே துவைக்க வேண்டும். திரவச் சோப்பே ஏற்றது. கரையாத சோப்புத்தூள் இழைக்குள் தங்கிவிடும். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் கூடவே கூடாது. அது இழைமேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். பிளீச்சிங் வேண்டாம், கொதிநீர் வேண்டாம், இஸ்திரி வேண்டாம். மெழுகு இறுகியிருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்தால் போதும். நம் ஊர்களில் துணியை வேலிக்கருவை மேல் விரித்து உலர்த்துகிறோமே, இந்தத் துண்டுக்கு அது ஆகாது; முள்ளின் முனை ஒன்று ஒடிந்து உள்ளே தங்கினாலும் அடுத்த நாள் கார்மீது அது எழுதிவிடும். நிழற்கொடியில் உலர்த்தி, உதறி, மூடிய பெட்டியில் வையுங்கள். பேடையும் அவ்வாறே சோப்பு நீரில் அமுக்கி அமுக்கிக் கழுவ வேண்டும், முறுக்கினால் கிழியும். துவைத்த நீரைக் குளத்திலோ கிணற்றங்கரையிலோ விடாதீர்கள். உதிரும் நுண்ணிழை மக்காத பொருள். அந்த நீரை ஆடுமாடுகளும் குடிக்கின்றன.

கோயில் வாசலில் புது வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்த்தம் தெளித்தவுடன், அந்தத் துளிகளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைக்கிறீர்கள். வழியில் படிந்த புழுதியும் அதிலேயே இருக்கிறது. பல வண்டிகளுக்கு முதற்கீறல் அங்கேயே விழுந்துவிடுகிறது. துளிகள் தாமே உலரட்டும். மாலையைக் கட்டும் கம்பியின் முனையையும் உள்நோக்கி மடக்கிவிடுங்கள்.

சம்பள ஓட்டுநர் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. வண்டி மின்ன வேண்டும் என்கிறார்கள். துடைக்கக் கொடுப்பதோ கிழிந்த பாவாடைத் துணி. கீறல் கண்டபின் அவர் கூலியில் பிடிக்கிறார்கள். துண்டு வாங்கும் செலவு வண்டியின் உரிமையாளருடையது, கீறலின் பொறுப்பும் பெரும்பாலும் அவருடையதே. இதை மழுப்பாமல் சொல்லவேண்டியிருக்கிறது.

வாடகை வண்டி ஒன்றுக்கு ஆறு துண்டுகள் தாராளமாகப் போதும்: ஈரத்துக்குத் தடித்தவை இரண்டு, மெழுகுக்கு இரண்டு, கண்ணாடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு வேறு நிறத்தில் ஒன்று. துண்டை நான்காய் மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். அழுக்கேறிய முகத்தை உள்ளே தள்ளி அடுத்ததை எடுக்கலாம். தரையில் விழுந்த துண்டு, துவைக்கும்வரை தரையில் விழுந்த துண்டே. வர்ணத்துக்கு வைத்திருந்தது பழசானால் கதவிடுக்குக்கும், பிறகு சக்கரத்துக்கும், கடைசியில் எஞ்சினுக்கும் இறங்கலாம். எஞ்சினுக்குப் போனது எத்தனை முறை துவைத்தாலும் மீண்டும் வர்ணத்துக்கு ஏறக்கூடாது.