வீட்டில் ஓங்கும் கை

தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து 1940-களில் போராடி வென்றார்கள். மேஸ்திரி கை ஓங்கினால் ஆலைத் தொழிலாளியும் பொறுப்பதில்லை. அதே தொழிலாளியின் கை வீட்டில் மனைவி மீது ஓங்கலாமா?

அடி மட்டுமா கொடுமை? அவள் கூலியைப் பிடுங்குவது, செலவுக்குப் பணம் தராமல் தவிக்க விடுவது, நாள்தோறும் ஏசி இழிவுபடுத்துவது, இணங்காதவளைப் பலவந்தப்படுத்துவது ஆகிய அனைத்தும் வன்முறையே என்கிறது 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். குடியிருக்கும் வீட்டில் அவளுக்கும் உரிமை உண்டு என்கிறது.

முதலாளி மீதுள்ள கோபத்தை மனைவி மீது காட்டுவது வீரமல்ல, கோழைத்தனம்.

தோழர்களே! கூலியை இருவரும் கூடிக் கணக்கிடுவோம். அடுப்படி வேலையைப் பகிர்ந்துகொள்வோம். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால், "குடும்ப விவகாரம்" என்று ஒதுங்காமல் கதவைத் தட்டுவோம், 181-ஐ அழைப்போம்.