முற்றத்தை மூடலாமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆண்டு மலரில் அணுவைப் பற்றியும் விண்கலங்களைப் பற்றியும் எழுத நம் துறையில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது பத்தடி அகலமுள்ள ஓர் இருட்டு வீட்டை. அறிவியல் மாணவன் எழுதக்கூடிய பொருளா இது என்று நண்பர்கள் சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். அவர்களில் பாதிப்பேர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் காலையில் குளித்துத் தலைசீவிக் கல்லூரிக்கு வருகிறார்கள் என்பதை நான் அறிவேன்.

கோவில்பட்டியின் பழைய தெருக்களில் வரிசை வீடுகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்தது. பருத்தி வியாபாரம் வந்தது. பின்னர் ஆலைகளும் தீப்பெட்டித் தொழிலும் வந்தன. பிழைப்புக்காக வந்து குடியேறிய மக்களுக்கு நெருக்கி நெருக்கிக் கட்டப்பட்ட வீடுகள் இவை. லைன் வீடு என்பார்கள். நடுவில் பொதுவாக இடம் விட்டிருந்தால் வளவு என்பார்கள். இரு பக்கமும் பொதுச்சுவர். தெருப் பக்கம் ஒரு வாசல், பின்பக்கம் ஒரு வாசல். முன்னே தார்சா, அடுத்துப் பட்டாசல், பிறகு சிறு முற்றம், அதையொட்டி அடுப்படி. பத்தடி அகலம், நாற்பதடி நீளம். இன்று இந்த வீடுகளில் நண்பகலிலும் மின்விளக்கு எரிகிறது. மின்சாரம் நின்றால் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று கையால் தடவித்தான் எடுக்க வேண்டும்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்து, மூத்த பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகி, ஒரு பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டால் இந்த வீட்டை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. நம் ஊரில் வழக்கமாக இரண்டு விடைகள். வசதியுள்ளவர் இடித்துத் தரைமட்டமாக்கிக் காங்கிரீட்டில் மாடி எழுப்புகிறார். வசதி குறைந்தவர் முற்றத்தை மூடி, "ஒரு ரூம் கூடிற்று" என்று மகிழ்கிறார். இரண்டுமே தவறு என்பது என் துணிபு. சிறிய வீட்டுக்கு முதலில் வேண்டியது கூடுதல் அறை அன்று, கொஞ்சம் வானம்.

இந்த வீடுகள் இருட்டாகவே கட்டப்பட்டவை என்று பலரும் நினைக்கிறோம். அது சரியன்று. நான் கொத்தனார் மகன்; அப்பாவுக்குச் சாந்துச் சட்டி எடுத்துக் கொடுத்துப் பல பழைய வீடுகளுக்குள் நுழைந்து பார்த்திருக்கிறேன். முற்றம் முழுதாக இருக்கும் வீடு எதுவும் இருட்டாக இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது முற்றத்தின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. பிறகு மழைச்சாரலுக்கு அஞ்சி ஒருவர் தகரம் போட்டார். குளியலறை வேண்டுமென்று இன்னொருவர் மீதியை அடைத்தார். பின்வாசலுக்கு அப்பால் இருந்த புறக்கடையும் ஒருநாள் அறையாயிற்று. இருட்டு ஒரே நாளில் வரவில்லை. பாகம் பாகமாக வந்தது.

இங்கிலாந்திலும் இவ்வாறு ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள் ஏராளம். அங்கே 1696-ஆம் ஆண்டு முதல் 1851-ஆம் ஆண்டு வரை ஜன்னல்களை எண்ணி வரி விதித்தார்கள். வரிக்கு அஞ்சிப் பலர் இருந்த ஜன்னல்களையே செங்கல் வைத்து அடைத்தார்களாம். நமக்கு அப்படி ஒரு வரி எந்த அரசரும் போட்டதில்லை. நாமாகவே அடைத்துக்கொண்டோம்!

இனி என் பாடத்திற்கு வருகிறேன். பக்கவாட்டில் உள்ள ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம், அந்த ஜன்னலின் உச்சி எவ்வளவு உயரமோ அதைப்போல் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் உள்ளே பயன்படும் என்பது கட்டடக் கலையில் ஒரு கணக்கு. ஆறடி உயர வாசல் என்றால் பன்னிரண்டிலிருந்து பதினைந்தடி வரை. நாற்பதடி வீட்டில் முன்வாசல் பதினைந்தடி, பின்வாசல் பதினைந்தடி. நடுவில் உள்ள பத்தடிக்கு யார் வெளிச்சம் தருவது? அதிலும் எதிர்வீட்டு மாடி தெருவை மறைத்துவிட்டால் அந்தப் பதினைந்தும் கிடையாது. சுவரில் துளையிட வழியில்லை. அப்பக்கம் அடுத்த வீட்டுக்காரர் படுத்திருக்கிறார். ஆகவே வெளிச்சம் மேலிருந்துதான் வந்தாக வேண்டும். வாசல் காண்பது தெருவின் ஒரு கீற்றை மட்டும். கூரைத் திறப்போ நேரே வானத்தைக் காண்கிறது.

அப்படியானால் நாலு கண்ணாடி ஓடு போட்டால் முடிந்தது அல்லவா என்று கேட்பீர்கள். அதுதான் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம். ஆனால் நாம் வாழ்வது 9 பாகைக்குச் சற்றே அதிகமான வட அட்சத்தில். ஆண்டுக்கு இருமுறை, சித்திரை முதல் நாளை ஒட்டியும் ஆகஸ்டு மாதக் கடைசியிலும், பகல் 12.20 மணி அளவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கிறது. நட்ட கம்புக்கு நிழல் கிடையாது. நிழலில்லா நாள் என்று இதைத்தான் சொல்கிறோம். அந்த வெயில் கண்ணாடி ஓட்டின் வழியாக நேரே தொட்டிலில் இறங்கும். வெளிச்சம் கேட்ட வீட்டுக்கு வெக்கையும் சேர்ந்து வரும்.

அப்பாவும் நானும் சேர்ந்து யோசித்த வழி வேறு. முற்றம் இருந்த இடத்தின் மேல் உள்ள கூரையை மட்டும் இரண்டடி தூக்க வேண்டும். கிழக்கு, மேற்குப் பக்கங்களைச் செங்கல்லால் அடைத்துவிட வேண்டும். ஆடிக் காற்றோடு வரும் புழுதிக்கும் மாலை வெயிலுக்கும் அது தடை. வடக்கே கண்ணாடி, தெற்கே கம்பி வலை. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடு வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜூன் 21-ஆம் நாளில்தான் அந்தச் சாய்வு மிகுதி; அதுவும் 14 பாகையளவே. முக்கோணவியல் படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரையடி நீட்டிய ஒரு சன்சேடு போதும், இரண்டடிக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் உச்சிவெயிலிலிருந்து தப்பிவிடும். வானத்து வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். சூடான காற்று மேலே எழும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அடுப்படிப் புகையும் புழுக்கமும் அந்த வலை வழியே வெளியேறும். இதற்கு ஆகும் செலவு ஒரு மாடி எழுப்பும் செலவில் சிறு பங்குகூட வராது.

மாடி எழுப்புவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு நம் கரிசல் மண்ணிடம் அனுமதி கேட்க வேண்டும். அப்பா சொல்வார்: "கரிசல் உசுருள்ள மண்ணுடா. தண்ணியக் கண்டா வீங்கும், வெயிலக் கண்டா சுருங்கும். அது மேல பாரத்த ஏத்திட்டு நிம்மதியாத் தூங்க முடியுமா?" ஏட்டில் இதற்குக் காரணம் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் தாது. அதன் மெல்லிய அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்புகிறது. நீர் போனால் பாளம் பாளமாக வெடிக்கிறது. பருத்திக்கும் கம்புக்கும் இந்தக் குணம் வரம். சுவருக்குச் சாபம். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே அடியில் குமிழ்போல் அகன்ற தூண் அடித்தளத்தை உருவாக்கித் தந்தது. மண் ஆண்டுதோறும் ஏறி இறங்கும் மேலடுக்கைத் தாண்டி, கீழே அசையாத மண்ணில் கால் ஊன்றும் முறை அது. பழைய வரிசை வீட்டுக்கு அப்படி அடித்தளம் ஏது? சரளை கண்ட மட்டும் தோண்டிக் கல்லடுக்கிய அடித்தளம், அதன்மேல் பொதுச்சுவர். நம் பக்கத்துப் பாதியை இடித்தால் அடுத்த வீட்டின் பாதியும் சேர்ந்து அசைகிறது. ஒருவர் மாடி கட்ட, இருவர் வீட்டில் வெடிப்பு விழுந்து, பேச்சுவார்த்தை நின்றுபோன தெருக்களை நான் அறிவேன்.

ஆகவே இருட்டு வீட்டைத் திருத்துகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கூரையைக் கூட அன்று, சுவரடியை. முற்றத்துத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவரோரத்தில் நின்றால் எந்தப் பூச்சும் நிற்காது. சுவரடியில் தண்ணீர் தங்காதபடி தளமிட்டு, வாட்டம் பார்த்து வெளியே விட வேண்டும். அடுத்தபடியாகக் கூரையில் உள்ள மரங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். நமக்குப் பக்கத்தில் எட்டயபுரத்தில், பாரதியார் 1882-ஆம் ஆண்டு பிறந்த வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி 2025 மார்ச்சு மாதத்தில் இடிந்து விழுந்தது. அரசு நினைவு இல்லமாகப் பேணி வந்த வீட்டுக்கே அந்த நிலை என்றால், யாரும் ஏறிப் பார்க்காத நம் வீட்டு உத்தரங்களைப் பற்றி என்ன சொல்ல!

எங்கள் வீட்டில் இந்த விவாதம் ஓராண்டாக நடக்கிறது. அண்ணன் சரக்கு வண்டி ஓட்டிச் சேர்த்த பணம் கொஞ்சம் இருக்கிறது. மாடிதான் வேண்டும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: "தெருவுல நாலு பேரு மாடி கட்டிட்டான். ஓட்டு வீட்டை ஒட்டுப்போட்டா யாருடா மதிப்பான்?" புது வீடு என்றால் கால்கோள், புதுமனை புகுவிழா, பத்திரிகை எல்லாம் உண்டு, பழைய வீட்டைச் சீராக்கினால் ஒரு பாயசம்கூட யாரும் வைப்பதில்லை. இந்தக் கௌரவக் கணக்குதான் கடன்காரர்களை உண்டாக்குகிறது என்று நான் சொன்னால், "காலேஜ்ல இதத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்கிறார்.

அண்ணி அதிகம் பேசாதவர். கல்யாணமாகி வந்த புதிதில் தீப்பெட்டிக் கட்டை ஒட்டும் வேலையை வாசற்படியில் உட்கார்ந்துதான் செய்வார். உள்ளே உட்கார்ந்தால் கண் தெரியாது. அந்த வேலை பிறகு இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் அரிசி புடைப்பதற்கும், பிள்ளையின் உடம்பில் வேர்க்குரு பார்ப்பதற்கும் இன்றும் வாசற்படிக்குத்தான் வருகிறார். "எனக்கு மாடி வேண்டாம் தம்பி. அரிசியில கிடக்கிற கல்லு கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார் ஒருநாள். வீட்டுக்குள் பகல் முழுவதும் இருப்பவர் அவர் ஒருவரே. வீட்டைப் பற்றிய பேச்சில் கடைசியாகக் கேட்கப்பட்டவரும் அவரே. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலை என்று நினைக்கிறேன்.

மேலே திறந்தால் திருடன் இறங்குவான், பூனை இறங்கும், மழை இறங்கும் என்பார்கள். முதலிரண்டுக்கும் இரும்புக் கம்பியும் வலையும் உண்டு. மழை இறங்கட்டுமே! பத்துக்கு நாற்பது என்றால் கூரைப் பரப்பு ஏறக்குறைய 37 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 370 லிட்டர். இருபது குடத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் அத்தண்ணீரைத் தகரப் பீலி வைத்து முற்றத்து மூலையில் ஒரு தொட்டிக்குக் கொண்டுவந்தால், குழாயடியில் காத்துக் கிடக்கும் நேரம் சில வாரங்களுக்காவது மிச்சம். தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் எதிர்பார்த்து வாழும் ஊர்க்காரர்கள் நாம்; வீட்டுக் கூரைத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் துறைப் பேராசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆய்வகத்தில் ஒளியின் விலகலையும் விளிம்பு விளைவையும் இருட்டறையில் செய்து பார்க்கிறோம். மாணவர் ஒவ்வொருவரும் ஒளி அளக்கும் கருவியோடு தம் வீட்டிலேயே காலை, நண்பகல், மாலை என்று வாசலிலிருந்து அடுப்படி வரை ஐந்தடிக்கு ஒரு முறை அளந்துவரச் சொன்னால் என்ன? ஒரு வகுப்பில் நாற்பது வீடுகளின் அளவு கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எந்தக் கொத்தனாரிடமும் பேசலாம். என் தந்தையார் ஆறாம் வகுப்போடு நின்றவர். கோசைன், டேன்ஜென்ட் என்றால் அவருக்குத் தெரியாது. ஆனால் சன்சேடு கணக்கை நான் சிலேட்டில் வரைந்து காட்டியபோது, "இதத்தான நாங்க குச்சி நட்டுப் பாத்தோம்" என்றார்.

மழைக்காலத்து ஈரம் காய்ந்து மண் ஒரு நிலைக்கு வரும் மாசி மாதத்தில் வேலையைத் தொடங்குவதாக இருக்கிறோம். கூரையைத் தூக்குவதற்கு அண்ணன் ஒருவாறு இசைந்துவிட்டார். மேற்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமும் சொல்லியாயிற்று; பொதுச்சுவரில் கைவைக்க மாட்டோம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். கழிவறை எங்கே வைப்பது என்பதில்தான் இன்னும் முடிவில்லை. முற்றத்து மூலையிலேயே வைத்துவிடலாம் என்கிறார் அண்ணன். அந்த மூலைக்குத்தான் அண்ணி முறத்தோடு ஒரு மணையும் கொண்டுபோய்ப் போட்டு வைத்திருக்கிறார்.