வினாக்கொத்தும் சீட்டுக் காசும்

களனி கங்கை கடலோடு கலக்குமிடத்திலே அமைந்தமையால் முகத்துவாரம் எனப் பெயர் பெற்ற ஊர் அது. மீன்பிடித் துறைமுகமும், தோட்டங்கள் என வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட அக்கொழும்புப் பகுதிக்கு, ஆய்வு மாணவர் ஒருவருடன் அண்மையிலே நாமும் சென்றிருந்தோம். எளியோர் கைத்தொலைபேசி வழியாகப் பணத்தை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதே அவர் ஆராயும் பொருள்.

“நிதிச் சேவை எதனையும் பயன்படுத்துகிறீர்களா?” என்று வினாக்கொத்தைப் பார்த்து வாசித்தார் மாணவர். மீன் விற்கும் அம்மையார், “இல்லைத் தம்பி” என்றார். “இல்லை” என்ற கட்டத்திலே அடையாளம் விழுந்தது. ஆராய்ச்சி முடிந்து தேநீர் வந்த பிறகுதான், அவர் பன்னிரண்டு பெண்கள் கட்டும் சீட்டொன்றைப் பிடிப்பவர் என்பதும், சிலாபத்திலிருக்கும் தாயாருக்கு மாதந்தோறும் கைத்தொலைபேசி வழியாகவே காசு அனுப்புபவர் என்பதும் தெரியவந்தன. தொலைபேசியோ மகனுடையது. வரும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில். அதை வாசித்துச் சொல்பவர் மூலைக்கடைக்காரர். இரகசிய இலக்கம் மூவருக்கும் தெரியும்!

மாணவரை நாம் குறைகூறவில்லை. வினாக்கொத்து ஆங்கிலத்திலே பிறந்து, அவசரமாகத் தமிழாடை உடுத்திக்கொண்டு வந்தது. “நிதிச் சேவை” என்பது அந்த அம்மையாருக்கு வங்கி மண்டபத்தையே நினைவூட்டியது.

கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம் 2005 முதல் ஆசிய நாடுகள் பலவற்றிலே எளியோரின் தொலைபேசிப் பழக்கத்தை ஆராய்ந்தபோது, தொலைபேசி உடையவரை மட்டுமன்றி, இரவல் தொலைபேசியிற் பேசுவோரையும் கணக்கிலே சேர்த்தது. நல்ல முறை. ஆனால் இரவல் தொலைபேசியிற் பேசுவது வேறு, அதிலே பணத்தை வைத்திருப்பது வேறு. 2012 இல் ஈசி காஷ் சேவை இலங்கைக்கு வந்த பின்னர், தொலைபேசி யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வி பாரதூரமானதாகிவிட்டது.

கென்யாவிலே எம்-பெசா பரீட்சார்த்தமாக நடத்தப்பட்டபோது, அது சிறுகடன்களைத் திருப்பிச் செலுத்துவதற்கென்றே வகுக்கப்பட்டிருந்தது. மக்களோ அதனைக் கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தலைப்பட்டனர். அதைக் கவனித்தவர்கள் திட்டத்தை மாற்றி, 2007 இல் நாடெங்கும் அதனை அறிமுகம் செய்தனர். சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன என்றும், பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களே அதிகப் பயன் பெற்றன என்றும் தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகியோர் 2016 இல் மதிப்பிட்டனர். அப்பரீட்சார்த்தத்தின்போது வகுத்த கட்டங்களுக்கு மட்டும் அடையாளமிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

நம் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். பிழையான விடைகளிலிருந்து அட்டவணை பிறக்கும். அட்டவணையிலிருந்து திட்டம் பிறக்கும். “முகத்துவாரத்துப் பெண்களுக்குச் சேமிக்கும் பழக்கம் இல்லை” என்று நாளை ஓர் அறிக்கை எழுதினால், மறுப்பதற்கு அந்த அம்மையார் அங்கே இருக்கமாட்டார்.

அடுத்த வாரம் மாணவர் மீண்டும் முகத்துவாரம் சென்றார். இம்முறை அவர் முதலிற் கேட்டது, “இந்த மாதச் சீட்டு யாருக்கு விழுந்தது, அக்கா?” என்பதுதான். விடை எழுத இரண்டு தாள்கள் போதவில்லையாம்.